விஷப் பல்லி தந்த மருந்து குடியை மறக்கடிக்குமா?

அமெரிக்காவின் தென்மேற்கிலே அரிஸோனா என்றொரு ராஜ்யம் இருக்கிறது. அங்குள்ள பாலைவனத்தில் ஒரு பல்லி வாழ்கிறது. பல்லி என்றதும், சுவரில் ஒட்டிக்கொண்டு சகுனம் சொல்லும் நம் வீட்டுப் பல்லியை வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. இது ஒன்றரை அடிக்கு மேல் நீளம். உடம்பு முழுவதும் மணி கோத்ததுபோல் கறுப்பும் இளஞ்சிவப்புமாகச் செதில்கள். கடித்தால் விஷம். கடித்த வாயை லேசில் எடுக்கவும் எடுக்காது. அந்தப் பக்கத்தில் ஓடும் ஹீலா என்னும் நதியின் பெயரைச் சேர்த்து இதற்கு 'ஹீலா மான்ஸ்டர்', அதாவது ஹீலா அரக்கன் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

இந்த அரக்கனிடம் ஒரு விசேஷம் உண்டு. வருஷம் முழுவதும் சேர்த்து இது சாப்பிடுவது சில வேளைகள்தான். கிடைக்கும்போது வயிறு கொள்ளுமட்டும் விழுங்கிவிடும். பிறகு வாலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டே மாதக் கணக்கில் வளைக்குள் படுத்திருக்கும்.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், பழைய போர்வீரர்களுக்கென்று சர்க்கார் நடத்தும் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டாக்டர் ஜான் எங் என்பவர், உயிர்களின் உடம்பில் இதுவரை யாரும் காணாத ஹார்மோன்கள் இருக்கின்றனவா என்று தேடிக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பல்லியின் விஷத்தைச் சோதித்தபோது ஒரு புதுச் சரக்கு அகப்பட்டது. மனிதக் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்போல் அது இருந்தது. 1992-ல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'எக்ஸெண்டின்-4' என்று பெயர். இதற்குக் காப்புரிமை வாங்க அவருடைய இலாகா அக்கறை காட்டவில்லை. மனிதர் சொந்தப் பணத்தைப் போட்டு உரிமையைப் பதிவு செய்துகொண்டு, மருந்துக் கம்பெனிகளின் படிகளில் ஏறி இறங்கினார். கடைசியில் 2005-ம் ஆண்டு அது சர்க்கரை வியாதிக்கு ஊசி மருந்தாக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதுதான் 'எக்ஸெனடைட்'.

அந்த ஊசிக்குத் தம்பிகள் பல பிறந்துவிட்டன. அவற்றில் பெயர் பெற்றது 'செமாகுளூடைட்'. இது பல்லியிடமிருந்து வந்ததல்ல; மனிதக் குடலின் ஹார்மோனையே சிறிது மாற்றிச் செய்தது. 2017-ல் சர்க்கரை வியாதிக்கும், 2021-ல் உடல் பருமனைக் குறைப்பதற்கும் அமெரிக்க சர்க்கார் இதை அனுமதித்தது. 'ஓஸெம்பிக்' என்றால் இன்று பட்டிதொட்டியெங்கும் தெரிகிறது.

இதெல்லாம் பழைய சங்கதி. புதிய சங்கதி என்னவென்றால், சர்க்கரைக்கு வந்த இந்த மருந்தைக் குடிப் பழக்கத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று விஞ்ஞானிகள் யோசிக்கிறார்கள். அதிலும் குறிப்பாக ஒரு சாராருக்கு, எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்ந்துகொண்டு, கூடவே பாட்டிலையும் விட முடியாமல் தவிப்பவர்களுக்கு.

இவர்களுக்கு என்ன தனி அவசரம் என்று கேட்கலாம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மாத்திரையா, மதுவா?

1981-ம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு விசித்திரமான நிமோனியா கண்டதாக ஒரு சிறு அறிக்கை வெளிவந்தது. எய்ட்ஸ் என்ற பெயரே அப்போது இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1986-ல், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் அந்தக் கிருமி நுழைந்துவிட்டதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அந்த நாட்களில் இந்த வியாதி என்றால் மரண ஓலைதான்.

1996-ல் நிலைமை மாறிற்று. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தது. இன்றோ அநேகருக்குத் தினம் ஒரே ஒரு மாத்திரை. அதை விடாமல் விழுங்கி வந்தால், ரத்தத்தில் கிருமி இருக்கும் இடம் தெரியாமல் அடங்கிவிடுகிறது. அப்படி அடங்கிவிட்டால் மனைவிக்கோ கணவனுக்கோ தொற்றுவதும் இல்லை. ஏறக்குறைய மற்றவர்களைப்போலவே நெடுநாள் வாழலாம்.

"விடாமல் விழுங்கி வந்தால்" என்று சொன்னோம் அல்லவா? அங்கேதான் மது வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது.

குடித்தவன் மாத்திரையை மறந்துவிடுகிறான் என்பது யாருக்கும் புரியக்கூடியது. ஆனால் மறதி மட்டுமே காரணமல்ல. கனெக்டிகட் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஸெத் கேலிச்மன் என்ற மனோதத்துவ நிபுணர் இதைத் துருவி ஆராய்ந்திருக்கிறார். நோயாளிகளில் பலர் தெரிந்தேதான் மாத்திரையை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று அவர் கண்டார். "மருந்தும் சாராயமும் வயிற்றில் ஒன்று சேர்ந்தால் விஷமாகிவிடும்" என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆகவே இன்றைக்குக் குடிக்கப் போகிறோம் என்றால் இன்றைக்கு மாத்திரை வேண்டாம்! சனிக்கிழமை நண்பர்களோடு உட்கார்ந்தால் சனியும் ஞாயிறும் மாத்திரை டப்பா திறக்கப்படுவதில்லை.

என்ன பரிதாபம் பாருங்கள்! உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஜாக்கிரதையிலேயே அந்த மனிதர் உயிர் மருந்தை விட்டுவிடுகிறார். இன்றைய எச்.ஐ.வி. மாத்திரைகளைப் பொறுத்தவரையில், குடித்த நாளிலும் மாத்திரையை விடாதே என்பதுதான் வைத்தியர்களின் புத்திமதி. இந்த ஒரு வார்த்தையை மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே சொல்லி அனுப்பினால் எத்தனையோ பேருக்கு உபகாரமாக இருக்கும். பல இடங்களில், "குடிக்காதே!" என்று அதட்டி அனுப்புவதோடு சரி. அதட்டலுக்குப் பயந்தவர் அடுத்த முறை ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. அதே அளவு மது இவர்களை அதிகமாகத் தாக்குகிறது. அமெரிக்காவில் முன்னாள் போர்வீரர்களை வருஷக் கணக்கில் கவனித்துவரும் ஒரு பெரிய ஆராய்ச்சியை யேல் பல்கலைக் கழகத்து டாக்டர் ஏமி ஜஸ்டிஸ் நடத்தி வந்தார். 2016-ல் வெளியான முடிவைக் கேளுங்கள்: எச்.ஐ.வி. இல்லாதவர்களில், மாதம் 70 கோப்பையைத் தாண்டும்போதுதான் மரண அபாயம் கூடுவது தெரிந்தது. கிருமி உள்ளவர்களிலோ 30 கோப்பையிலேயே அது தெரிந்துவிட்டது. ஒரு கோப்பை என்று அமெரிக்கர்கள் சொல்வது 14 கிராம் சாராயச் சத்து உள்ளதை. அதாவது நாள் ஒன்றுக்கு ஒரே ஒரு கோப்பை! சாதாரணமாக யாரும் அதைக் 'குடிகாரன்' கணக்கில்கூடச் சேர்க்கமாட்டார்கள். கல்லீரலில் மஞ்சள் காமாலைக் கிருமியும் சேர்ந்திருந்தால் சேதம் இன்னும் சீக்கிரம் வரும்.

ரப்பர் தொழிற்சாலையில் கண்ட மருந்து

குடியை நிறுத்த ஏற்கெனவே மருந்துகள் இல்லையா? இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அவற்றிலும் சில வேறு எதற்கோ வந்து இதற்குத் திரும்பியவை.

1930-களில் அமெரிக்காவில் ரப்பர் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர்கள், மாலையில் ஒரு வாய் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்தார்கள். தொழிற்சாலை டாக்டர் இதைக் கவனித்து 1937-ல் எழுதினார். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனமே காரணம். பத்து வருஷம் கழித்து டென்மார்க் தேசத்தில் ஹால்ட், ஜேக்கப்ஸன் என்ற இருவர், ஏறக்குறைய அதே சரக்கை வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாக்க முடியுமா என்று பார்த்தார்கள். தாங்களே விழுங்கியும் பார்த்தார்கள். அப்புறம் மது அருந்தியபோது அவர்களுக்கும் அதே கதி! இப்படித்தான் 1948-ல் 'டைசல்ஃபிராம்' குடி மருந்தாக உலகத்துக்கு வந்தது.

ஆனால் அது பயமுறுத்தி நிறுத்தும் மருந்து. குடிக்க ஆசைப்பட்டவன் மாத்திரையை விட்டுவிடுவான், தீர்ந்தது. எச்.ஐ.வி. நோயாளிக்கு இதில் வேறொரு சங்கடமும் உண்டு. லோபினவிர், ரிடோனவிர் சேர்ந்த திரவ மருந்து ஒன்றில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் ஆல்கஹாலே கலந்திருக்கிறது. டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர் அதைக் குடித்தால், மருந்தே அவரை வாந்தி எடுக்கவைத்துவிடும்.

அடுத்து வந்தது 'நால்ட்ரெக்ஸோன்'. இது அபின் வகைப் போதைக்காக வந்து, 1994-ல் மதுவுக்கும் அனுமதி பெற்றது. குடிப்பதில் உள்ள சுகத்தைச் சற்று மழுக்கிவிடும். சிலருக்கு நன்றாகவே பயன்படுகிறது. ஆனாலும் அமெரிக்கா போன்ற பணக்கார தேசத்திலேயே, குடி நோய் உள்ளவர்களில் மிகச் சிலரே இம்மாதிரி மருந்துகளைப் பெறுகிறார்கள். கேட்க வெட்கம், கொடுக்க வைத்தியருக்கும் தயக்கம்.

குடலுக்கும் மூளைக்கும் என்ன உறவு?

சரி, சர்க்கரை மருந்துக்கும் சாராய ஆசைக்கும் என்ன சம்பந்தம்?

நாம் சாப்பிட்டவுடன் குடலில் 'ஜி.எல்.பி.-1' என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது கணையத்துக்குப் போய், "சாப்பாடு வந்துவிட்டது, இன்சுலினை விடு" என்று தாக்கல் சொல்லும். இரைப்பைக்கு, "மெதுவாகக் காலி செய்" என்று உத்தரவு. மூளைக்கு, "போதும், இலையை மடி" என்று செய்தி. ஆனால் ரத்தத்தில் அதன் ஆயுள் அற்பம். இரண்டே நிமிஷத்தில் பாதி அழிந்துவிடும். 1980-களில் ஸ்வெட்லானா மொய்ஸோவ், ஜோயல் ஹேபனர் முதலியோர் இதன் வேலையை விளக்கினார்கள். ஆயுளை நீட்டுவதுதான் மருந்து செய்கிறவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. செமாகுளூடைட் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே வாரம் ஒரே ஊசி.

மூளையில் இந்த ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் வாசல்கள், பசியை ஆளும் இடத்தில் மட்டும் இல்லை. ஆசையையும் சுகத்தையும் ஆளும் இடங்களிலும் இருக்கின்றன. இனிப்புக்கு ஏங்குவதும் சீட்டாட்டத்துக்கு ஏங்குவதும் மதுவுக்கு ஏங்குவதும் அங்கேதான் கூடிக் குலாவுகின்றன. ஸ்வீடன் தேசத்து கோத்தன்பர்க் நகரில் எலிஸபெத் யேர்லாக் என்ற அம்மையார் எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார். அவை மதுவை நாடுவது குறைந்தது.

எலிக்குப் பின் குரங்கு. "கள் குடித்த குரங்கு" என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். கரீபியக் கடலில் செயின்ட் கிட்ஸ் என்ற தீவில் அது கண்கூடு! முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த குரங்குகள் அங்கே பெருகிக் கிடக்கின்றன. கரும்புத் தோட்டங்களில் புளித்துப்போன கரும்பைத் தின்று பழகிய ஜாதி. இப்போது கடற்கரை ஹோட்டல்களில் உல்லாசப் பயணிகள் அசந்தால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அவற்றில் குடிப் பிரியமுள்ளவற்றைப் பொறுக்கி எடுத்து இந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்த அளவு குறைந்தது. தண்ணீரை மட்டும் வழக்கம்போல் குடித்தன.

மனிதர்களிடம் என்ன கண்டார்கள்?

குரங்கு வேறு, மனிதன் வேறு. கோபன்ஹேகன் நகரில் குடி நோயாளிகள் 127 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு நம் பல்லி மருந்தையும் மற்றப் பாதிக்கு வெறும் ஊசியையும் 26 வாரம் போட்டார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 2022-ல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். இரண்டு கூட்டத்திலும் மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தன. ஆனால் ஆட்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. உடல் பருத்தவர்களிடம் மருந்து நன்றாகவே வேலை செய்திருந்தது. ஒல்லியானவர்களிடமோ, குடி சற்று அதிகமானதுபோலவே கணக்குக் காட்டியது! இந்த ஒல்லி விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறது.

அடுத்தது செமாகுளூடைட். அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஹெண்டர்ஷாட் என்பவரும் சகாக்களும் 48 பேரை வைத்து ஒன்பது வாரம் சோதித்து, 2025 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். இவர்கள் குடியை விட வேண்டும் என்று வைத்தியரைத் தேடி வந்தவர்கள் அல்ல. ஆராய்ச்சிச் சாலையில் அவரவருக்குப் பிரியமான மதுவை எதிரே வைத்து, "வேண்டுமட்டும் குடியுங்கள்" என்று இரண்டு மணி நேரம் விட்டுவிட்டார்கள். மருந்து போட்டுக்கொண்டவர்கள் குறைவாகக் குடித்தார்கள். வீட்டிலும், குடிக்கிற நாளில் குடிக்கும் கோப்பைகள் குறைந்தன; ஏக்கமும் குறைந்தது. ஆனால் வாரத்தில் எத்தனை நாள் குடித்தார்கள் என்பதில் பெரிய மாறுதல் இல்லை. பாட்டிலைத் திறக்கிறார்கள், முடிக்கத்தான் மனம் வரவில்லை!

மூன்றாவது, ஸ்வீடனில் குடி நோய் என்று பதிவான 2 லட்சத்து 27 ஆயிரத்துச் சொச்சம் பேரின் ஆஸ்பத்திரிக் கணக்குகளைப் புரட்டிய ஆராய்ச்சி. சர்க்கரைக்காகவோ பருமனுக்காகவோ செமாகுளூடைட் போட்டுக்கொண்ட காலங்களில், குடியால் ஆஸ்பத்திரியில் சேருவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்ததாக 2024-ல் எழுதினார்கள். இது சோதனை அல்ல, பழைய ஏட்டுக் கணக்கு; அதை அதற்குரிய மதிப்போடுதான் பார்க்க வேண்டும். இருந்தாலும் அலட்சியப்படுத்தக்கூடிய கணக்கு அல்ல.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பொருந்துமா?

அநுகூலங்கள் சில இருக்கின்றன. எச்.ஐ.வி. மருந்துகளில் சில, கல்லீரலில் மற்ற மருந்துகள் கரையும் வழியை அடைத்துவிடும். செமாகுளூடைட் அந்த வழியே போவதில்லை. ஆகவே மருந்துக்கு மருந்து மோதும் பயம் குறைவு. கல்லீரலுக்கும் நல்லது செய்யும்போல் இருக்கிறது. எச்.ஐ.வி.யோடு கல்லீரலில் கொழுப்பும் படிந்த 51 பேருக்கு அமெரிக்காவிலும் பிரேஸிலிலும் 24 வாரம் இந்த ஊசியைப் போட்டார்கள். கல்லீரல் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததாக 2024-ல் தெரிவித்தார்கள். வயிற்றில் கொழுப்புத் திரண்ட வேறு 108 பேரிடம் நடந்த 32 வாரச் சோதனையிலும் அந்தக் கொழுப்பு வடிந்தது. இவை குடியை நிறுத்துவதற்காக நடந்த சோதனைகள் அல்ல. எனினும் இந்த நோயாளிகள் மருந்தைத் தாங்குகிறார்கள் என்பதற்குச் சாட்சி.

பிரதிகூலம் என்ன? கல்லீரல் சோதனைக்கு வந்தவர்களின் இடுப்புத் தசையை அளந்தபோது நூற்றுக்கு ஒன்பது பங்கு அது சுருங்கியிருந்தது. நடை, எழுந்து உட்காரும் வலு இவற்றில் குறை தெரியவில்லை என்றாலும், தசை போவது நல்லதல்ல. மது நிறையக் குடிக்கிறவர் ஏற்கெனவே சரியாகச் சாப்பிடுவதில்லை. அதோடு கிருமியும் சேர்ந்து எலும்பும் தோலுமாக இருக்கிற மனிதருக்குப் பசியை அடக்கும் ஊசி போடலாமா? கோபன்ஹேகன் சோதனையில் ஒல்லியானவர்களின் கணக்கு எப்படி இருந்தது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். தொந்தி விழுந்த அமெரிக்க நோயாளிக்கு அமிர்தமாக இருப்பது, ஆப்பிரிக்கக் கிராமத்து மெலிந்த நோயாளிக்கு அப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. உலகத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் பெரும்பாலோர் வாழ்வது ஆப்பிரிக்காவில்தான்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை இந்த மருந்தின் சகஜமான தொல்லைகள். அபூர்வமாகக் கணையம் வீங்குவதும் உண்டு. மிதமிஞ்சிக் குடிப்பவர்களுக்கோ அந்த வியாதி முன்பே வாசலில் காத்திருக்கிறது. அதனால், "சர்க்கரைக்கு அண்ணன் போடுகிற ஊசியை நானும் போட்டுக்கொள்கிறேன்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. குடிக்கு இந்த மருந்தை அமெரிக்க சர்க்கார் இன்னும் அங்கீகரிக்கவில்லை.

விலை வேறு இருக்கிறது. 2024 வாக்கில் அமெரிக்காவில் ஒரு மாத ஊசியின் பட்டியல் விலை ஆயிரம் டாலரை நெருங்கியது. எச்.ஐ.வி. மாத்திரை ஏழை தேசங்களுக்குச் சல்லிசாகக் கிடைக்க எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

வைத்தியர்களுக்கு ஒரு காரணத்தால்தான் இதில் ஆசை விடவில்லை. தினம் விழுங்கும் குடி மாத்திரையைக் குடிகாரர் ஞாபகமாக விழுங்கமாட்டார். அது டைசல்ஃபிராம் காலத்திலேயே தெரிந்துபோன விஷயம். வார ஊசியோ, ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் நர்ஸே போட்டு அனுப்பிவிடலாம். எச்.ஐ.வி.க்கே இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த ஊசிக்கு வருகிறவரிடம், கையோடு கையாக, "இந்த வாரம் எத்தனை கோப்பை?" என்று அதட்டாமல் கேட்க ஓர் ஆள் இருந்தால், பதிலும் அநேகமாக உண்மையாக இருக்கும்.